ஆள் வந்துபோகும் அலுவலகத்தில் நேரத்தைக் கட்டம் பிரித்து வேலை செய்ய முடியுமா?

பம்மம்வாசி (கேள்வி):

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் உள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவின் பொறுப்பு என்னுடையது. என்னோடு இரண்டு இளைய உதவியாளர்கள் வேலை செய்கிறார்கள். முந்திரி ஆலை நடத்துபவர்கள், ரப்பர் ஷீட் வாங்கி விற்பவர்கள், ஜவுளிக்கடை, ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்கள், சிறு ஒப்பந்தக்காரர்கள் என எங்கள் வாடிக்கையாளர்கள் பலதரப்பட்டவர்கள். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. படிவங்கள், டி.டி.எஸ்., பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆகியவற்றைக் கவனிப்பதோடு ஆண்டுக் கணக்குகளையும் நாங்களே முடிக்கிறோம்.

சில மாதங்களாக 'டைம் பிளாக்கிங்' என்று சொல்லப்படும் முறையைக் கடைப்பிடித்து வருகிறேன். நாளின் நேரத்தை முன்கூட்டியே கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு வேலையை ஒதுக்கி, அந்த நேரத்தில் வேறு எதையும் தொடாமல் இருப்பதே இதன் அடிப்படை என்று புரிந்துகொண்டிருக்கிறேன். காலை ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை வங்கிக் கணக்கை ஒத்துப்பார்த்தல், அடுத்த ஒரு மணி நேரம் தொலைபேசி அழைப்புகள், மதிய உணவுக்குப் பின் படிவத் தாக்கல், நான்கு மணிக்கு மேல் உதவியாளர்களின் வேலையைச் சரிபார்த்தல் என்று முந்தைய நாள் மாலையிலேயே எழுதி வைக்கிறேன். ஆனால் பத்தரை மணிக்குள் யாராவது ஒருவர் பை நிறைய பில்களோடு வந்து எதிரே உட்கார்ந்துவிடுகிறார். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் தொலைபேசி ஒலிக்கிறது. அதை முடித்தால் ஆடிட்டர் உள்ளே அழைக்கிறார். பதினொன்றரை ஆகும்போது முதல் கட்டத்து வேலையில் பாதிகூட முடிந்திருக்காது. அதன் பிறகு அன்றைய அட்டவணையைத் திரும்பிப் பார்க்கவே மனம் வருவதில்லை. மிகுந்த கவனம் தேவைப்படும் வேலைகள் எல்லாம் மாலை ஆறு மணிக்கு மேல், களைத்துப்போன பிறகே நடக்கின்றன.

வாடிக்கையாளர் எந்த நேரத்திலும் படியேறி வரக்கூடிய இத்தகைய அலுவலகத்துக்கு இந்த முறை பொருந்துமா? பொருந்தும் என்றால் ஒரு கட்டம் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்? வருபவரின் மனம் நோகாமல் 'பிறகு வாருங்கள்' என்று சொல்வதற்கு வழி உண்டா? இதே போன்ற வேலையில் இருப்பவர்கள் பதில் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

இரணியல் பயணி:

நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். இரணியலில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் போய், அங்கிருந்து கழக்கூட்டத்தில் உள்ள டெக்னோபார்க்குக்கு நாள்தோறும் சென்று வருகிறேன். எங்கள் வாடிக்கையாளர் நிறுவனம் லண்டனில் இருப்பதால் எனக்கு ஒரு வசதி உண்டு. அங்கே காலை ஒன்பது மணி ஆகும்போது நமக்கு அவர்களுடைய கோடையில் பிற்பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. ஆகவே எங்கள் முற்பகலில் பெரும்பாலும் யாரும் குறுக்கிடுவதில்லை. கூட்டங்கள் எல்லாம் பிற்பகலில் வரிசை கட்டும். உங்கள் முற்பகல் அப்படிப்பட்டது இல்லை என்பதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

இந்த முறை எதனால் பயன் தருகிறது என்று தெரிந்தால், எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது தெளிவாகும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்கு மாறுபவரின் கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்றும், அதனால் இரண்டாவது வேலை பாதிக்கப்படுகிறது என்றும் காட்டினார். நீங்கள் பதினொன்றரை மணிக்கு உணரும் சோர்வுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அவரே தெரசா குளோம்ப் என்பவருடன் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு உங்களுக்கு நேரடியாக உதவும். வேலையை இடையில் நிறுத்த நேரும்போது, எந்த இடத்தில் நிற்கிறோம், திரும்பி வந்ததும் முதலில் எதைச் செய்ய வேண்டும் என்பதைச் சுருக்கமாகக் குறித்து வைப்பவர்களால், இடையில் வந்த வேலையிலும் நன்றாகக் கவனம் செலுத்த முடிகிறது என்பது அதன் முடிவு. பில் பையோடு ஒருவர் வரும்போது, அவரை உட்காரச் சொல்லிவிட்டு, 'பதினேழாம் தேதி வரை ஒத்துப்போகிறது. பதினெட்டாம் தேதிக் காசோலை ஒன்று பொருந்தவில்லை. வங்கியின் பட்டியலில் அதைத் தேட வேண்டும்' என்று ஒரு தாளில் எழுதிவிட்டு அவர் பக்கம் திரும்புங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. வந்தவருக்கும் உங்கள் முழுக் கவனம் கிடைக்கும்.

கட்டத்தின் அளவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிப்பதில் மனிதர்கள் பெரும்பாலும் குறைத்தே கணிக்கிறார்கள் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே எழுதியிருக்கிறார்கள். 1994-இல் வெளிவந்த வேறொரு ஆய்வில், பட்டப்படிப்பு மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாட்கள் ஆகும் என்று கணித்தார்கள். உண்மையில் ஆனது 55 நாட்களுக்கும் மேல். ஆகவே ஒரு மணி நேர வேலை என்று தோன்றினால் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். இன்னொன்றும் உண்டு. இந்த முறையைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான பேராசிரியர் கால் நியூபோர்ட், அட்டவணை குலைந்தால் மீதமுள்ள நேரத்துக்கு உடனே புதிய அட்டவணை எழுத வேண்டும் என்கிறார். நாள் முழுவதும் முதல் அட்டவணையிலேயே நிற்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம் இல்லை. தாளில் வலது பக்கம் இரண்டு செங்குத்துப் பத்திகளை வெறுமையாக விட்டு வையுங்கள். பதினொன்றரை மணிக்கு அங்கே மீதி நாளை மறுபடியும் எழுதலாம்.

கோட்டாறு அக்கா:

வங்கியில் பல ஆண்டுகள் கவுன்டரிலும், பிறகு கிளைப் பொறுப்பிலும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். இரணியல் தம்பி குறிப்பெழுதச் சொன்னதை மனமார ஏற்கிறேன். ஆனால் யாரும் குறுக்கிடாத முற்பகலை அடிப்படையாகக் கொண்ட ஏற்பாட்டை, அருமனையிலிருந்தோ களியக்காவிளையிலிருந்தோ பேருந்து ஏறி வருபவர்களைப் பார்க்க வேண்டிய ஓர் அலுவலகத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

இது இன்றைய சிக்கலும் இல்லை. நாளின் இருபத்து நான்கு மணி நேரத்தையும் கட்டம் பிரித்து எழுதி வைத்தவர்களில் மிகவும் புகழ்பெற்றவர், அமெரிக்காவில் அச்சகம் நடத்திய பெஞ்சமின் பிராங்க்ளின். காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை வேலை, பன்னிரண்டு முதல் இரண்டு வரை வாசிப்பு அல்லது கணக்குப் பார்ப்பு, உணவு, இரண்டு முதல் ஆறு வரை மீண்டும் வேலை என்று அவருடைய அட்டவணை செல்கிறது. அந்த மனிதரே தம் வரலாற்றில், தமக்கு மிகவும் தொல்லை தந்தது இந்த ஒழுங்குதான் என்று எழுதியிருக்கிறார். தன் நேரம் தன் கையில் இருக்கும் கூலி அச்சுத்தொழிலாளிக்கு இது இயலும். ஆனால் வெளியுலகத்தோடு கலந்து பழகவும், தொழில் நிமித்தம் வருபவர்களை அவர்களுக்கு வசதியான நேரத்தில் சந்திக்கவும் வேண்டிய முதலாளிக்கு அதை அப்படியே கடைப்பிடிக்க இயலாது என்பது அவர் தந்த விளக்கம். நீங்கள் இன்று மார்த்தாண்டத்தில் சந்திப்பதை அவர் பிலடெல்பியாவில் சந்தித்திருக்கிறார்.

அதனால் கட்டம் போடுவதற்கு முன்னால், நேரம் உண்மையில் எங்கே போகிறது என்பதைக் குறித்துப் பாருங்கள் என்பேன். மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் 1967-லேயே வலியுறுத்தியது இதைத்தான்: திட்டமிடுவதிலிருந்து தொடங்காதீர்கள், நேரம் எதில் செலவாகிறது என்று பதிவதிலிருந்து தொடங்குங்கள் என்றார். இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தில், யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், எதற்காக வந்தார்கள், அந்த வேலையை உங்களைத் தவிர வேறு யாரால் செய்திருக்க முடியும் என்று மட்டும் எழுதுங்கள். நினைவிலிருந்து மாலையில் எழுதினால் பயன் இல்லை. அந்தந்த நேரத்திலேயே எழுத வேண்டும்.

அப்படி எழுதினால், வருகை முழுவதும் தற்செயல் இல்லை என்பது தெரியும். வங்கியில் மாதத்தின் முதல் சில நாட்களில் ஓய்வூதியர் கூட்டம் இருக்கும். நவம்பர் மாதத்தில் மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ்வுச் சான்றிதழ் கொடுக்க வருவார்கள். அந்த நாட்களில் நாங்கள் வேறு பெரிய வேலை எதையும் முற்பகலில் வைத்துக்கொள்வதில்லை. உங்கள் அலுவலகத்துக்கும் அத்தகைய நேரங்கள் கட்டாயம் இருக்கும். கடை திறப்பதற்கு முன்னால் வருபவர்கள், மதியம் கடையை மகனிடம் விட்டுவிட்டு வருபவர்கள் என்று ஒரு முறை புலப்படும். வருகை நேரத்தை முதலில் கட்டமாகப் போட்டுவிட்டு, அது குறைந்திருக்கும் இடத்தில் உங்கள் கவன வேலையை வையுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பது என் கருத்து.

மனம் நோகாமல் சொல்வதைப் பற்றி: 'இப்போது முடியாது, பிறகு வாருங்கள்' என்று சொன்னால் யாருக்கும் வருத்தம்தான். 'பில்களை இப்போது வாங்கி வைத்துக்கொள்கிறேன். நாளை மூன்று மணிக்கு உங்களுக்கென்றே அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்' என்று சொல்லி, அவர் கண்முன்னே அதை நோட்டில் எழுதுங்கள். அந்த மூன்று மணியை நீங்களும் தவறவிடக் கூடாது. வெகு தூரத்திலிருந்து வந்த முதியவர் என்றால் இந்த விதியே வேண்டாம். அவரை உடனே பார்த்து அனுப்பிவிடுங்கள்.

நாகர்கோவில் கணக்கர்:

மணிமேடைக்கு அருகில் இதே தொழிலில் இருக்கிறேன் என்பதால், இதுவரை வந்த பதில்களோடு தொழில் சார்ந்த சிலவற்றைச் சேர்க்கிறேன். நம்முடைய வேலைக்கு நாளைக் கட்டம் பிரிப்பதற்கு முன்னால் மாதத்தைக் கட்டம் பிரிக்க வேண்டும். ஒரே தினசரி அட்டவணையை மாதம் முழுவதும் வைத்துக்கொள்வது நம் தொழிலில் எடுபடாது. ஏனென்றால் ஐந்தாம் தேதியின் அலுவலகமும் பத்தாம் தேதியின் அலுவலகமும் இருபத்தைந்தாம் தேதியின் அலுவலகமும் வெவ்வேறு.

உங்களுக்குத் தெரிந்த தேதிகள்தான் என்றாலும் அவற்றை நேரத்தின் கண்ணோட்டத்தில் பாருங்கள். பிடித்தம் செய்த டி.டி.எஸ். தொகையை ஏழாம் தேதிக்குள் கட்ட வேண்டும். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு, விற்பனை விவரப் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்.-1 பதினொன்றாம் தேதி. கொள்முதல் விவரங்களைக் காட்டும் 2பி பதினான்காம் தேதிதான் உருவாகிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதினைந்து. வரியைக் கட்டித் தாக்கல் செய்யும் 3பி படிவம் இருபது. இந்தத் தேதிகளுக்கு இடையில் உள்ள வேலைகளின் இயல்பு ஒன்றுபோல் இல்லை. எட்டாம் தேதி முதல் பதினொன்று வரை நடப்பது விற்பனை பில்களைக் கேட்டு வாங்கிப் பதிவது. அது முழுக்க முழுக்க ஆட்களோடும் தொலைபேசியோடும் நடக்கும் வேலை. அந்த நான்கு நாட்களில் கவன வேலைக்குக் கட்டமே போடாதீர்கள். நாள் முழுவதையும் வருபவர்களுக்குத் திறந்து விடுங்கள். 2பி வந்த பிறகு பதினான்கு முதல் பதினேழு வரை நடப்பது கொள்முதல் பதிவேட்டை அதோடு ஒப்பிட்டு, கொள்முதலில் ஏற்கெனவே கட்டிய எந்த வரியை (உள்ளீட்டு வரி) கழித்துக்கொள்ளலாம், எது விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பது. முந்திரி ஆலைக் கணக்கில் ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியான பச்சைக் கொட்டைக்கான பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்க ஆவணம், உள்ளூர் விவசாயியிடம் நேரடியாக வாங்கியதற்கு வாங்குபவரே கட்ட வேண்டிய ரிவர்ஸ் சார்ஜ் வரி என்று இரண்டும் ஒரே மாதத்தில் வரும்போது, இடையில் ஒருமுறை எழுந்து போனால் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டியதாகிவிடும். நீண்ட கட்டம் தேவைப்படுவது இந்த நான்கு நாட்களுக்குத்தான். அப்போது மட்டும் காலையில் ஒன்றரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். மாதம் முழுவதும் சாத்தியிருக்கும் கதவைப் பற்றி வாடிக்கையாளர் குறைப்படுவார். நான்கு நாட்களுக்குக் காரணம் சொன்னால் அவரே ஒத்துக்கொள்வார், ஏனென்றால் அது அவருடைய வரிப்பணம்.

அடுத்தது ஓ.டி.பி. தனிநபர் நிறுவனங்களுக்கும் பங்குதாரர் நிறுவனங்களுக்கும் பெரும்பாலும் ஓ.டி.பி. மூலமாகவே படிவத்தைத் தாக்கல் செய்கிறோம். அது கையொப்பமிடுபவரின் கைபேசிக்குப் போகிறது. அவர் அதை நமக்குச் சொல்ல வேண்டும். சிறிது நேரத்தில் அது காலாவதியாகிவிடும். ரப்பர் வியாபாரி மலையோரத் தோட்டத்தில் சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பார். ஜவுளிக்கடைக்காரர் கொள்முதலுக்காக ஈரோட்டில் இருப்பார். ஒவ்வொருவரையும் வேலை முடிந்த மறுகணமே அழைத்தால் நாள் முழுவதும் தொலைபேசியிலேயே கழியும். எங்கள் அலுவலகத்தில் படிவத்தைத் தயார் செய்வது, வரித்தொகையை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒப்புதல் பெறுவது, ஓ.டி.பி. வாங்கித் தாக்கல் செய்வது ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டோம். மூன்றாவதற்கு மாலை நான்கு முதல் ஐந்தரை வரை ஒரே கட்டம். 'பதினெட்டாம் தேதி நான்கே கால் மணிக்கு அழைப்போம், கைபேசியைக் கையில் வைத்திருங்கள்' என்று இரண்டு நாள் முன்னதாகவே செய்தி போகும். ஒருவரிடமிருந்து வாங்கி முடித்ததும் அடுத்தவர். உதவியாளர் ஒருவரே இதைச் செய்துவிடுகிறார். நான் அந்த நேரத்தில் வேறு வேலையில் இருக்கிறேன்.

கடைசி நாளான இருபதாம் தேதிக்கு எந்தக் கட்டமும் போடாமல் வெறுமையாக விடுவதும் எங்கள் வழக்கம். தாமதமாகப் பணம் கட்டுபவர்கள், தவறான தொகையைச் செலுத்தியவர்கள், கைபேசி எண்ணை மாற்றியவர்கள் என அன்றைக்குத் தானாகவே நிரம்பிவிடும்.

பம்மம்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா சொன்னபடி நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கிவிட்டேன். இன்னும் சில நாட்களே ஆகியிருந்தாலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: காலையில் வருபவர்களில் பெரும்பாலானவர்கள் பில்களைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வருகிறார்கள், என்னிடம் பேச வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. முன் மேசையில் நான் உட்கார்ந்திருப்பதால் என்னிடம் பேசுகிறார்கள். உதவியாளர்களில் ஒருவரை முறைவைத்து முன் மேசைக்கு மாற்றி, நான் உள்ளே போவதாக எண்ணியிருக்கிறேன்.

இன்னும் தீராமல் இருப்பது ஆடிட்டரின் அழைப்பு. அவர் நல்லவர், தேவையில்லாமல் அழைப்பவரும் அல்லர். ஆனால் ஒரு வாடிக்கையாளரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்களிடமிருந்து ஒரு தகவல் அவருக்கு வேண்டியிருக்கிறது. அவரிடம் நேரம் ஒதுக்கச் சொல்லி எப்படிக் கேட்பது?

கோட்டாறு அக்கா:

உங்கள் நேரத்தை ஒதுக்கிக் கொடுக்கும்படி அவரிடம் கேட்காதீர்கள். அவருக்கு என்ன தகவல் தேவைப்படுகிறது என்பதை அந்த நோட்டிலேயே தனியாகக் குறியுங்கள். யாருடைய படிவம் எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு வரி வருகிறது, எந்த ஆவணம் இன்னும் வரவில்லை ஆகிய மூன்றில்தான் பெரும்பாலான கேள்விகள் அடங்கும் என்று நினைக்கிறேன். வாடிக்கையாளர் வாரியாக அந்த மூன்று விவரங்களையும் ஒரு எக்செல் தாளில் இட்டு, மாலையில் கிளம்பும் முன் புதுப்பித்து, அவருடைய கணினியிலேயே திறக்கும்படி வைத்துவிட்டால், அழைப்புகள் தாமாகவே குறையும். காலையில் அவர் வந்தவுடன் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கு வேண்டியது முன்னதாகவே கிடைத்துவிட்டால், அடுத்த ஒன்றரை மணி நேரம் நீங்கள் கதவைச் சாத்தியிருப்பதில் அவருக்கு மறுப்பு இருக்காது.

குலசேகரம் தோட்டக்காரன்:

நான் கணக்குத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். ரப்பர் தோட்டமும், அதோடு ஒரு சிறு ஷீட் புகையறையும் வைத்திருக்கிறேன். நம் பக்கத்துத் தொழிலில் நேரத்தை எப்படிப் பிரிக்கிறோம் என்பதில் உங்களுக்கு உதவக்கூடிய ஒன்று இருப்பதாகத் தோன்றியதால் எழுதுகிறேன்.

பால்வெட்டு விடியலில்தான் நடக்க வேண்டும். வெயில் ஏறாத நேரத்தில் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக ஒழுகும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழந்து அழுத்தம் குறைந்துவிடும். வெட்டி முடித்த பிறகு சில மணி நேரத்தில் சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்தாக வேண்டும். விட்டால் அது உறைந்து ஒட்டுப்பாலாகி விலை குறைந்துபோகும். ஆனால் களை எடுப்பது, உரம் வைப்பது, ஷீட்டைத் தரம் பிரிப்பது, கூலிக் கணக்கு எழுதுவது ஆகியவற்றை எந்த நேரத்துக்கும் நகர்த்தலாம். நகர்த்த முடியாததை முதலில் வைத்துவிட்டு, நகர்த்தக்கூடியதை அதைச் சுற்றி வைக்கிறோம். உங்கள் தாளில் உள்ள கட்டங்களில் எது நகராதது, எது நகரும் என்று இரண்டு நிறத்தில் குறித்துப் பாருங்கள். நகரும் வேலைக்குக் கடுமையான நேரம் குறிப்பதால்தான் அட்டவணை குலைந்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றுகிறது என்று நினைக்கிறேன்.

இதைவிட முக்கியமானது மழை. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே கிடைக்கின்றன. மரத்தில் பிளாஸ்டிக் மழைக்காப்பு கட்டியிருந்தாலும், இரவு கனமழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் விடியலில் வெட்ட முடியாது. அன்றைக்கு என்ன செய்வது என்று அந்தக் காலைப் பொழுதில் யோசிக்கத் தொடங்கினால் தொழிலாளிகளின் நேரம் வீணாகும். அதனால் மழை நாளுக்கென்று ஒரு வேலைப் பட்டியல் புகையறைச் சுவரில் எப்போதும் தொங்கும். மழை பெய்தது தெரிந்ததும் அவர்களே அதைப் பார்த்து வேலையைத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் ஒன்றரை மணி நேரக் கட்டம் குலைந்து, கையில் இருபது நிமிடம் மட்டும் மிஞ்சினால் எதைச் செய்வது என்பதற்கும் இப்படி ஒரு பட்டியலை முன்கூட்டியே எழுதி வையுங்கள். இருபது நிமிடத்தில் முடியக்கூடிய வேலைகள் மட்டுமே அதில் இருக்க வேண்டும்.

பம்மம்வாசி:

தோட்டக்கார அண்ணன் சொன்ன மழை நாள் பட்டியலை எழுதிவிட்டேன். விடுபட்ட பான் எண்களைக் கேட்டு வாங்குவது, பழைய சலான்களைக் கோப்பில் சேர்ப்பது, உதவியாளர் பதிந்த ஒரு நாள் ரொக்கப் புத்தகத்தைப் பார்ப்பது ஆகியவை அதில் உள்ளன. ஆடிட்டரிடம் அந்த எக்செல் தாளைக் காட்டியபோது, வராத ஆவணங்களுக்கான பத்தியை அவரே விரிவாக்கிக் கொடுத்தார்.

அடுத்த மாதத்துக்கு இப்படித் திட்டமிட்டிருக்கிறேன். ஏழாம் தேதி வரை முற்பகலில் டி.டி.எஸ்., பிற்பகலில் வருபவர்களைப் பார்ப்பது. எட்டு முதல் பதினொன்று வரை கட்டம் எதுவும் இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்றில் வங்கிக் கணக்கு ஒத்துப்பார்ப்பு. பதினான்கு முதல் பதினேழு வரை காலை பத்து முதல் பதினொன்றரை வரை உள் அறையில் 2பி ஒப்பீடு. அந்த நேரத்தில் முன் மேசையை உதவியாளர் கவனிப்பார். பதினெட்டு, பத்தொன்பதில் மாலை நான்கு மணிக்கு ஓ.டி.பி. கட்டம். இருபத்தொன்று முதல் மாத இறுதி வரை, வாரத்தில் மூன்று முற்பகல் ஆண்டுக் கணக்குகளுக்கு. இதில் ஏதாவது இடிக்கிறதா?

நாகர்கோவில் கணக்கர்:

நன்றாக இருக்கிறது. மூன்று இடங்களை மட்டும் பாருங்கள்.

காலாண்டுத் தாக்கல் முறையில் உள்ள சிறு வணிகர்கள் உங்களிடம் இருந்தால், அவர்களுடைய விற்பனை விவரத்துக்கான தேதி பதின்மூன்று. வங்கி ஒத்துப்பார்ப்புக்கு அந்த நாளை முழுவதும் கொடுத்தால் காலாண்டு முடிந்த மாதங்களில் நெருக்கடி வரும். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி ஆகிய மாதங்களில் மட்டும் அந்த நாளைத் திறந்து வையுங்கள். அதே போல ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் பதினைந்தாம் தேதி முன்கூட்டி வரியும் சேர்ந்துகொள்கிறது. நீங்கள் கதவைச் சாத்தும் நான்கு நாட்களின் நடுவில் அது விழுகிறது என்பதால், அதற்கான கணக்கீட்டைப் பத்தாம் தேதிக்கு முன்பே உதவியாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

இரண்டாவது, உள்ளூர் நாட்காட்டி. மண்டைக்காடு அம்மன் கோயிலின் மாசிக் கொடை விழாவுக்கும், டிசம்பர் 3-ஆம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள்; அந்த நாட்களில் உதவியாளர்கள் விடுப்புக் கேட்பார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை நாளையும் செய்தித்தாளில் அறிவித்தவுடன் தாளில் குறித்துவிடுங்கள். மின்சாரம் இல்லாத முற்பகலை, வாடிக்கையாளரின் கடைக்கே சென்று இருப்பு விவரம் வாங்கி வருவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, உதவியாளர்கள். முன் மேசையில் இருப்பவருக்கும் அவருக்கென்று இடையூறு இல்லாத ஒரு மணி நேரம் ஒவ்வொரு நாளும் வேண்டும். உங்கள் திட்டத்தில் அது இல்லை. பதினொன்றரை மணிக்கு நீங்கள் வெளியே வந்ததும் முன் மேசையை நீங்கள் எடுத்துக்கொண்டு, அவரைப் பன்னிரண்டரை வரை உள் அறைக்கு அனுப்புங்கள். இரண்டு உதவியாளர்களுக்கும் வாரம் மாற்றி இந்த முறை வரட்டும். அவர்கள் பதிவது சரியாக இருந்தால், நீங்கள் நான்கு மணிக்கு மேல் சரிபார்க்க எடுத்துக்கொள்ளும் நேரமும் குறையும்.